கிளியூர்த் தடத்தில் கிடந்த தழை

கிளியூர் அருவிக்கு இறங்கும் தடத்தில், பாதை இரண்டாகப் பிரிகிற இடத்தில், ஒரு நாவல் கிளை குறுக்கே கிடந்தது. முழ நீளம் இருக்கும். இலைகள் வாடவில்லை. ஒடித்த இடம் இன்னும் ஈரமாக இருந்தது.

நான் இடது பக்கப் பாதையிலிருந்து மேலேறி வந்துகொண்டிருந்தேன். மூடுபனி இறங்கியிருந்தது. பகல் இரண்டு மணிக்கே சாயங்காலம் மாதிரி இருட்டிக்கொண்டு வந்தது. குனிந்து எடுக்கச் சோம்பல். ஷூ முனையால் ஒரு தள்ளு தள்ளினேன். கிளை உருண்டு, வலது பக்கப் பாதையின் வாயில் போய் விழுந்தது. என் வழி சுத்தமாகிவிட்டது. அதோடு அதை மறந்தும் போனேன்.

கொஞ்ச தூரம் ஏறியதும் பனிக்குள்ளிருந்து ஒரு பெண் எதிரே வந்தாள். சின்ன வயசு. தலையில் மாவு மூட்டை. என்னைப் பார்த்ததும் பாதையோரத்துச் செடிக்குள் ஒதுங்கி வழி விட்டாள். ‘பார்த்துப் போம்மா’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஆபீசுக்குப் போனால் சூடாக டீ கிடைக்கும் என்பதுதான் அப்போது என் நினைப்பெல்லாம்.

அம்புக்குறி வேலை

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு எனக்கு மாற்றல் வந்ததோடு போன வாரம் இந்தத் தொடரை நிறுத்தியிருந்தேன். எழுபதுகளின் கடைசி அது. ஓவர்சியர் உத்தியோகம். மலைக்கு வருகிற உல்லாசப் பயணிகளுக்கு நடைபாதை அமைப்பது என்று மேலிடத்தில் முடிவு செய்திருந்தார்கள். ஏரிக்கரைப் பூங்காவில் பெஞ்சு போட வேண்டும், பூச்செடிக்குப் பாத்தி கட்ட வேண்டும். லேடீஸ் சீட், பகோடா பாயிண்ட் காட்சிமுனைகளுக்குப் போகும் வழிகளைச் சீர் செய்ய வேண்டும். அங்கங்கே அம்புக்குறி போட்ட பலகை நட வேண்டும். எல்லாவற்றுக்கும் கடைசியாகக் கிளியூர் அருவித் தடம்.

ஏரி நிரம்பி வழிகிற தண்ணீர்தான் பள்ளத்தாக்கில் இறங்கி அங்கே அருவியாக விழுகிறது. மழை விட்ட மாதங்களில் அதன் இரைச்சல் பாதித் தடத்திலேயே காதை அடைக்கும். அந்தப் பிரிவில் வலது பக்கம் போனால், சுற்றிச் சுற்றி இறங்கி, அருவியின் அடிவாரத்தையும் அதற்கப்பால் பத்துப் பதினைந்து வீடுகள் கொண்ட ஒரு மலைக் குடியிருப்பையும் அடையலாம். இடது பக்கம் போனால் அருவியின் தலைமாட்டுப் பாறை. பாசி பிடித்த பாறை. அதற்கு மேல் வழி கிடையாது. அங்கே ஒரு கம்பித் தடுப்பு போட முடியுமா என்று அளந்து பார்க்கத்தான் நான் அன்று போயிருந்தேன்.

இந்த வேலைக்கு என்னைவிடப் பொருத்தமான ஆள் இருக்க முடியாது. சுத்தம் எனக்கு ஒரு வியாதி. மேஜையில் பென்சில் கோணலாகக் கிடந்தால் நிமிர்த்தி வைத்துவிட்டுத்தான் பேசுவேன். பாதையில் ஒரு சருகு கிடக்கக்கூடாது. கூலியாட்கள் எனக்கு ‘தொடப்பம்’ என்று பெயர் வைத்திருந்தது பின்னால்தான் தெரியவந்தது. பொருத்தமான பெயர்தான்.

பூங்காவுக்கு வருகிறவர்கள் எல்லோரும் ஜோடி ஜோடியாகத்தான் வருவார்கள். புதுக் கல்யாணக்காரர்கள். நேற்றுப் பெயிண்ட் அடித்த பெஞ்சில் இன்று தங்கள் பெயர்களைக் கீறிவிட்டுப் போவார்கள். அதை மணற்காகிதம் வைத்துத் தேய்க்கும்போது எனக்கு ஆத்திரம் வரும். பெஞ்சு பாழானதால் வந்த ஆத்திரம் என்றுதான் அப்போது நினைத்துக்கொண்டேன்.

ஏரிக்கரையில் ஒரு சாயங்காலம்

எனக்கும் கல்யாணமாகி ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. கமலா ஆத்தூர்க்காரி. மாற்றல் வந்தபோது என்னோடு ஏற்காட்டுக்கு வந்தாள். மூன்று மாதம் இருந்தாள். பிறகு, அம்மாவைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று பெட்டியோடு பஸ் ஏறியவள், திரும்பி வரவில்லை. சண்டை கிடையாது. கடிதம் போட்டால் பதில் வரும். அதில் அவள் அம்மாவின் முட்டிவலி இருக்கும், ஆத்தூர் வெயில் இருக்கும். எப்போது வருகிறாள் என்பது மட்டும் இருக்காது.

போவதற்கு ஒரு வாரம் முன்னால் நடந்ததை இங்கே சொல்லிவிட வேண்டும். ஒரு சாயங்காலம் இரண்டு பேரும் ஏரியைச் சுற்றி நடக்கப் போனோம். நான் வேகமாக நடக்கிறவன். என் அப்பாவும் அப்படித்தான். தபால்காரராக இருந்தவர். திருவிழாவுக்குப் போனால்கூடப் பத்தடி முன்னால் போய்க்கொண்டே இருப்பார். அம்மா அவருடைய செருப்புச் சத்தத்தை வைத்தே கூட்டத்தில் வழி கண்டுபிடித்து வருவாள். அவர் ஒருநாளும் திரும்பிப் பார்த்து நான் கண்டதில்லை. ஆம்பிள்ளை நடை அப்படித்தான் இருக்கும் என்று நானும் எடுத்துக்கொண்டேன்.

பாதி வழியில் பனி வந்து மூடியது. நான் பேசிக்கொண்டே நடந்தேன். பூங்காவில் வைக்கப்போகும் டேலியா செடிகளைப் பற்றி என்று ஞாபகம். குவார்ட்டர்ஸ் வாசலுக்கு வந்து பூட்டில் சாவியை நுழைக்கும்போதுதான் பின்னால் ஆள் இல்லை என்பது தெரிந்தது.

வந்துவிடுவாள் என்று உள்ளே போய் டீ போட்டேன். என் டம்ளரைக் குடித்து முடித்தேன். அவளுடையது ஆறிப்போயிற்று. ஒரு மணி நேரம் கழித்து, படகுத்துறையில் வேகவைத்த கடலை விற்கும் ஸ்டெல்லாம்மாவின் குடைக்குள் நனைந்த புடவையோடு வந்து சேர்ந்தாள். “பனியில தனியா இருந்துச்சுங்க சார், அதான் கூட்டியாந்தேன்” என்றார் ஸ்டெல்லாம்மா.

நான் கமலாவைப் பார்த்து, “இவ்வளவு நேரமா?” என்று கேட்டேன். வேறெதுவும் கேட்கவில்லை. அந்தக் கேள்வியை இத்தனை வருஷத்தில் எத்தனையோ முறை வேறு மாதிரி கேட்டுப் பார்த்திருக்கிறேன், மனசுக்குள்.

அவள் போன பிறகு குவார்ட்டர்ஸ் ரொம்பச் சுத்தமாக இருந்தது. வைத்த பொருள் வைத்த இடத்தில் இருந்தது. சாயங்காலம் வந்து கதவைத் திறந்தால், காலையில் நான் விட்டுப்போன காற்றே உள்ளே நிற்கும். பேச ஆள் இல்லாமல் ரேடியோவோடு பேச ஆரம்பித்திருந்தேன்.

“தழை போட்டுட்டுத்தானுங்க போனேன்”

தழையைத் தள்ளிவிட்டு வந்த நாளுக்குத் திரும்புகிறேன். அன்று சந்தை நாள். நாலு மணி வாக்கில் ஆபீஸ் வாசலில் ஒரு ஆள் வந்து நின்றார். மூச்சு வாங்கியது. கணுக்கால் வரைக்கும் சேறு. சடையன் என்று பெயர். கிளியூர்ப் பள்ளத்தில் ராகியும் கொஞ்சம் காப்பியும் போட்டிருக்கிற மலைக் குடியானவர். என் பாதை வேலைக்கு எப்போதாவது கல் உடைக்க வருவார். என் வயசுதான். அந்தக் காலத்தில் ‘அவன், இவன்’ என்றுதான் பேசினேன். இப்போது எழுதும்போது அது வரமாட்டேன் என்கிறது.

“ஏனுங்க சார், மாவு மூட்டையோட ஒரு புள்ள இந்தப் பக்கம் வந்துச்சுங்களா? எம் பொண்டாட்டிங்க. பொன்னின்னு பேரு.”

சந்தையில் வாங்கிய ஆட்டுக்குட்டியைத் தூக்கிக்கொண்டு அவர் முன்னால் இறங்கிவிட்டார். மனைவி ராகி அரைக்க மில்லில் நின்றாள். வீட்டுக்குப் போய்க் காத்துப் பார்த்தார், வரவில்லை. எஸ்டேட்டுக்குள் செங்குத்தாக ஏறுகிற குறுக்குவழியில் ஓடிவந்து மில்லில் விசாரித்தார். அப்போதே போய்விட்டாளே என்றார்கள்.

எனக்குக் கோபம் வந்தது. எனக்கு வரும் கோபம் எப்போதும் ஊருக்கு உபதேசமாகத்தான் வரும்.

“பனி இறங்குதுன்னு தெரியுதில்ல? பொம்பளைய தனியா விட்டுட்டு நீ பாட்டுக்கு முன்னால போனியா? அறிவு இருக்கா உனக்கு?”

அவர் கோபப்படவில்லை. எனக்குப் புரியவைக்க வேண்டும் என்பது போல மெதுவாகச் சொன்னார். “அதுக்கு இந்தத் தடம் பழக்கமில்லீங்க. வெள்ளக்கடை ஊருப் பக்கத்துப் புள்ள, கட்டி ரெண்டு மாசந்தான் ஆச்சு. அதனால தழை போட்டுட்டுத்தானுங்க போனேன்.”

“என்ன தழை?”

“முன்னால போறவங்க, பிரிவு வந்தா, போவக் கூடாத தடத்துக்குக் குறுக்கால பச்சத் தழை ஒண்ணு ஒடிச்சுப் போட்டுட்டுப் போவோமுங்க. பின்னால வர்றவங்க அதப் பாத்துட்டு அடுத்த தடத்துல வந்துருவாங்க. எங்க சனத்துல சின்னக் கொழந்தைக்குக்கூடத் தெரியுமுங்க.”

வலது பக்கப் பாதையின் வாயில் போய் விழுந்த கிளை கண்ணுக்கு முன்னால் வந்தது. செடிக்குள் ஒதுங்கி நின்ற பெண்ணும் வந்தாள்.

டார்ச்சை எடுத்துக்கொண்டு, “வா, போய்ப் பார்க்கலாம்” என்றேன். இரண்டு கூலியாட்களும் கூட வந்தார்கள். பிரிவு வரைக்கும் அரை மணி நேர நடை. அந்த அரை மணி நேரமும் சொல்லிவிடலாம், சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். சொல்லவில்லை. கிளை வேறு எங்காவது நகர்ந்திருக்கும், இல்லை அவளே வழி கேட்டு எங்காவது உட்கார்ந்திருப்பாள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அருவிச் சத்தம் கூடிக்கொண்டே வந்தது.

நாவல் கிளை நான் தள்ளிய இடத்திலேயே கிடந்தது. சடையன் அதற்கு முன்னால் நின்றுவிட்டார்.

“நான் இங்க போடலீங்களே” என்றார். இடது பக்கப் பாதையைப் பார்த்தார். திரும்பக் கிளையைப் பார்த்தார். அவர் முகம் வெளிறிப்போயிற்று.

“நான்தான்” என்றேன். “மத்தியானம் இந்த வழியா வந்தேன். குப்பைன்னு நினைச்சுக் காலால தள்ளிட்டேன். இந்தப் பக்கம் வந்து விழுந்துட்டுது.”

அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். அவர் என்னை ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. இடது பாதையில் ஓட ஆரம்பித்தார்.

பாறை மேல்

இருநூறு அடி போனதும் அந்தப் பாதை மறுபடி இரண்டாகப் பிரிகிறது. ஒன்று மாடுகள் தண்ணீருக்கு இறங்கும் ஓடைத்தடம். இன்னொன்று தலைமாட்டுப் பாறைக்குப் போவது. எந்தப் பக்கம் போயிருப்பாள் என்று நான் திகைத்து நின்றபோது, சடையன் குனிந்து எதையோ தொட்டார்.

ஓடைத்தடத்துக்குக் குறுக்கே ஒரு உன்னிச்செடிக் கிளை, பூவோடு, ஒழுங்காகக் கிடந்தது. புதிதாக ஒடித்தது.

“போட்டுட்டுப் போயிருக்குதுங்க” என்றார்.

பாறைப் பக்கம் ஓடினோம். இரைச்சலில் கூப்பிடுவது யாருக்கும் கேட்காது. வெளிச்சம் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. பாறைச் சரிவு தொடங்குகிற இடத்தில், ஒரு மரத்தின் வேரைப் பிடித்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தாள். ஒரு கால் வீங்கியிருந்தது. அவளுக்கு முன்னால் பத்தடியில் தண்ணீர் விளிம்பைத் தாண்டி விழுந்துகொண்டிருந்தது. தலைமுந்தானையை எடுத்து மாவு மூட்டையைப் போர்த்தியிருந்தாள். மாவு நனையவில்லை. அவள்தான் தொப்பலாக நனைந்திருந்தாள்.

சடையனைப் பார்த்ததும், “வந்துட்டீங்களா” என்றாள். அழவில்லை. சடையன்தான் அழுதார்.

காலை நீவிவிட்டுக்கொண்டே அவர் கேட்டார். “உன்னித் தழைய எதுக்குப் புள்ள போட்ட? உனக்குப் பின்னால ஆருமே வரலியே.”

“அந்தப் பிரிவு வரைக்கும் வந்தாட்டிதான் சந்தேகமா இருந்துச்சுங்க, இது நம்ம தடந்தானான்னு. திரும்பிப் போனா இன்னும் சுத்தி உட்டுருமோன்னு பயம். எப்படியும் நீங்க தேடி வருவீங்க, வந்தா எந்தப் பக்கம் போனேன்னு தெரியோணுமில்லீங்களா? போட்டுட்டு வந்தேன். இங்க வழுக்கி உட்டுருச்சு. சரி, நீங்க வர்ற வரைக்கும் நவுராம இருப்போம்னு உக்காந்துட்டேன்.”

‘எப்படியும் நீங்க தேடி வருவீங்க.’ பஸ் வரும் என்று சொல்வது போல அதைச் சொன்னாள். கட்டி இரண்டே மாதம் ஆன பெண்.

சடையன் அவளை முதுகில் தூக்கிக்கொண்டார். மாவு மூட்டையை நான் தோளில் வைத்துக்கொண்டேன். கூலியாட்கள் வாங்க வந்தார்கள், கொடுக்கவில்லை. தையலில் கசிந்த ராகி மாவு என் இஸ்திரிச் சட்டையெல்லாம் கொட்டியது. ‘தொடப்பம்’ மாவில் குளித்துக்கொண்டு போவதைப் பார்த்து அவர்கள் சிரித்திருக்கலாம். யாரும் சிரிக்கவில்லை.

அவர்கள் வீட்டு வாசலில் மூட்டையை இறக்கிவைத்தேன். மன்னிப்பு என்ற வார்த்தை என் வாயில் சரியாக வரவில்லை. என்னவோ உளறினேன். பொன்னி காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு என்னைப் பார்த்தாள்.

“தெரியாமத்தானுங்களே தள்ளுனீங்க. இருட்டாகப் போவுது, நீங்க கெளம்புங்க சார். ஊட்டுல உங்களத் தேட மாட்டாங்களா?”

“ஊட்டுல யாரும் இல்லம்மா.”

“அய்யோ பாவம்” என்றாள் அவள், வீங்கிய காலோடு.

ஆத்தூரில் ஒரு டம்ளர் காப்பி

அடுத்த ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் ஆத்தூர் போனேன். கடிதத்தில் எழுத உட்கார்ந்து மூன்று காகிதத்தைக் கிழித்திருந்தேன். நேரில் சொன்னால்தான் சரிப்படும் என்று பட்டது.

மாமியார் என்னை உட்காரச் சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டார். கமலா காப்பி கொண்டுவந்து வைத்தாள். கதவோரம் நின்றாள். சுகமா என்றேன், சுகம் என்றாள். நான் நேராக விஷயத்துக்கு வந்தேன். தழையைத் தள்ளியது, எதிரே வந்த பெண்ணிடம் ஒரு வார்த்தை பேசாதது, சடையனை அறிவில்லையா என்று கேட்டது, வழியெல்லாம் வாயை மூடிக்கொண்டு போனது, எல்லாவற்றையும் சொன்னேன். எதையும் எனக்குச் சாதகமாக மாற்றவில்லை. அப்படி நான் யாரிடமும் பேசியது அதுதான் முதல் தடவை.

அவள் கடைசி வரைக்கும் குறுக்கிடாமல் கேட்டாள்.

“அந்தப் பொண்ணு எவ்வளவு நேரம் உக்காந்திருந்தா?” என்றாள்.

“ரெண்டு மணி நேரத்துக்கு மேல இருக்கும்.”

“நான் ஒரு மணி நேரம்.”

எனக்குப் புரியவில்லை. அவளைப் பார்த்தேன்.

“அன்னைக்கு ஏரிக்கரையில. செருப்பு வார் அறுந்துபோச்சு. உங்களக் கூப்பிட்டேன், நீங்க பேசிக்கிட்டே போயிட்டீங்க. பார்க் பெஞ்சுல உக்காந்தேன். வீட்டுக்கு வழி எனக்குத் தெரியாம இல்ல. நீங்க திரும்பி வருவீங்கன்னு உக்காந்திருந்தேன்.”

காப்பி டம்ளர் காலியாக இருந்தது. அதை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அவள் கோபமாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

அவள் வரவில்லை. அந்த வாரமும் இல்லை, அதற்குப் பிறகும் இல்லை. எங்கள் பிரிவுக்கு அந்த ஒரு மணி நேரம் மட்டும்தான் காரணம் என்று சொல்ல மாட்டேன். அதை ஒத்த சின்னச் சின்ன நேரங்கள் நிறைய இருந்தன. அவற்றில் பலதை நான் கவனிக்கவே இல்லை, இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

ஒரு மணி நேரம்

கிளியூர்த் தடம் பிரிகிற இடத்தில் அம்புக்குறிப் பலகை நட்டேன். இடது பாதையை அடைத்து முள்கம்பி கட்டினேன். வேலை முடிந்தது. ஆனாலும் அந்த வழியாகப் போகும்போதெல்லாம் ஒரு தழையை ஒடித்து, முள்கம்பிக்கு முன்னால் குறுக்கே போட்டுவிட்டுத்தான் இறங்குவேன். ஏன் என்று கேட்டால் அப்போது எனக்கே சொல்லத் தெரிந்திருக்காது.

ஒருநாள் சடையன் அதைப் பார்த்துவிட்டார். காப்பிப் பழம் பறித்துவிட்டு வந்துகொண்டிருந்தார். பொன்னிக்குக் கால் சரியாகி, அவள் கூடையோடு முன்னால் போய்விட்டிருந்தாள்.

“ஆருங்க சார் பின்னால வர்றாங்க?”

“ஆபீஸ் ஆள் வர்றேன்னாங்க” என்றேன். பொய் சொல்கிறேன் என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. சும்மாட்டுத் துணியை உதறி, பாதையோரத்துக் கல்லில் விரித்தார்.

“அப்ப அவங்க வர்ற வரைக்கும் உக்காருவோமுங்க” என்றார்.

இரண்டு பேரும் உட்கார்ந்தோம். அவர் வெற்றிலை மடித்துப் போட்டுக்கொண்டார். எனக்கும் ஒன்று கொடுத்தார். பனி வந்தது, தழையை மறைத்தது, விலகியது. மேலேயிருந்து யாராவது இறங்குகிற சத்தம் கேட்கிறதா என்று நான் உண்மையாகவே காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். அருவிச் சத்தத்தைத் தவிர வேறெதுவும் கேட்கவில்லை.

கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். பத்து நிமிஷம்தான் ஆகியிருந்தது. அரை மணி நேரம் ஆகியிருக்கும் என்று நினைத்திருந்தேன். மறுபடி பார்த்தேன், பதினைந்து. கல்லின் குளிர் உடம்பில் ஏறியது. எழுந்துவிடலாம் என்று தோன்றியதும், கூடாது என்று இருந்துவிட்டேன். சடையன் என்னை அவசரப்படுத்தவில்லை.

முழுசாக ஒரு மணி நேரம் உட்கார்ந்தேன். அன்றைக்குத்தான் தெரிந்தது, கமலா அந்த பெஞ்சில் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தாள் என்று.